போர்ப்பாட்டும் வாடிப்பட்டி மாணவியும்

புறநானூற்றில் பள்ளி மாணவரிடம் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் 279ஆம் பாட்டு. பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். சிவகங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒக்கூர்தான் அவர் ஊர் என்பர். முந்திய போரில் ஒருத்தியின் தமையன் யானையை வீழ்த்திவிட்டுக் களத்திலேயே மாண்டான். தந்தை என்று உரை சொல்வாரும் உண்டு. நேற்று நடந்த சண்டையில் அவள் கணவன் ஆநிரையை மறிக்கப் போய்ப் பட்டான். இன்று மறுபடியும் போர்ப்பறை கேட்கிறது. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே மகன். அவனுடைய உலர்ந்த குடுமிக்கு எண்ணெய் தடவி, வெள்ளை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துப் போய் வா என்கிறாள். திணை வாகை, துறை மூதின் முல்லை. 'வீரத்தாய்' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதினால் நெடுவினாவுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

1990களின் நடுவில் வாடிப்பட்டியில் மேல்நிலை வகுப்பில் இருந்த மாணவி ஒருத்தி அந்த ஒரு பக்கத்தைப் பரீட்சைத் தாளில் எழுதினாள். ரஃப் நோட்டில் வேறொன்றை எழுதி வைத்தாள். இவளுக்குப் பிள்ளை மேல் பாசமே கிடையாதா என்பது அதன் முதல் வரி. பெற்றவளே அனுப்பினால் அவன் யார் முந்தானையில் போய் ஒளிவான் என்பது அடுத்தது. அப்படித் தொடங்கிய எழுத்து கல்லூரி நாள்களிலும் அதற்குப் பிறகும் நோட்டு நோட்டாக நீண்டது. புராணமும் போரும் சொல்லும் கடினமான பாட்டுகளையும் கதைகளையும் அவள் எப்படி எதிர்கொண்டாள், எங்கே முரண்டு பிடித்தாள், எங்கே மனம் மாறினாள் என்பதெல்லாம் அவற்றில் வரிசையாகவே இருக்கிறது. மாணவரின் முதல் முரண்டை அறியாமை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் தமிழ் வகுப்பறைகளுக்கு உண்டு. பெரிய இழப்பு அது. இந்த மாணவிக்கு முரண்டு பிடித்த இடங்களில்தான் பாட்டு வழிவிட்டது.

வாடிப்பட்டி மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கும் பேரூர். வடக்கே சிறுமலை. தெற்கே பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் விளையும் நெல்லும் தென்னந்தோப்புகளும். பக்கத்து ஊரான சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். மேளத்துக்குப் பேர்போன ஊர் இது. வாடிப்பட்டி மேளம் என்றால் மதுரை வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. சாவு விழுந்த தெருவிலும் சாமி புறப்படும் தெருவிலும் முதலில் வைக்கோல் எரியும். அந்தச் சூட்டில் தப்பின் தோலைக் காட்டி, விரல் நுனியால் சுண்டிப் பார்த்து, திரும்பவும் காட்டுவார்கள். தோல் இறுகியதும் விழும் முதல் அடிக்கு வீட்டுக்குள் இருப்பவர் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவர். பறை கேட்டதும் அந்தத் தாய்க்கு ஆவலும் கலக்கமும் ஒன்றாக வந்தன என்று பாட்டு சொல்கிறது. வகுப்பில் அதற்குப் பொருள் சொல்லியே ஆகவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அந்த ஊர்ப் பிள்ளைகளின் உடம்புக்கே அது தெரியும்.

ஆனாலும் அனுப்பியதை மாணவியால் ஒப்ப முடியவில்லை. வீட்டில் அப்பத்தாவிடம் பாட்டைக் கதையாகச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "அனுப்பாட்டி ஊரு சும்மா விட்ருமாத்தா? நாளைக்கு அவன் பொண்ணு கேட்டு எந்த வாசல்ல போய் நிக்க முடியும்?" என்றார். அந்தத் தாயைப் புகழவும் இல்லை, வையவும் இல்லை. அவளைச் சுற்றி ஒரு ஊர் நிற்பதை மட்டும் காட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பாட்டைத் திரும்பப் படித்தபோது அதன் தொடக்கம் வேறாகத் தெரிந்தது. பேசுவது தாய் அல்ல. பக்கத்தில் நின்று பார்க்கும் ஒருவர் பேசுகிறார். இவள் எண்ணம் கெட்டுப்போக, இவள் துணிவு அஞ்சத்தக்கது என்று பதறித்தான் அவர் வாய் திறக்கிறார். மூத்த குடியில் பிறந்தவள் என்ற பாராட்டு அதன் பிறகே வருகிறது. கெடுக என்பதைப் பழிப்பது போலப் புகழ்வது என்று உரையாசிரியர்கள் விளக்குவர். அந்த விளக்கம் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாட்டு பதற்றத்தில் தொடங்குகிறது என்பதை எந்த விளக்கமும் அழித்துவிடாது. மாணவி ரஃப் நோட்டில் கேட்ட கேள்வியைப் பாட்டின் முதல் அடி ஏற்கெனவே கேட்டிருக்கிறது. துறைக் குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு இது கண்ணில் படாது. புறநானூற்றுக்குக் கிடைத்துள்ள பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுவதால், 278, 279 போன்ற பாட்டுகளுக்குப் பிற்காலத்தார் உரைதான் துணை. உ. வே. சாமிநாதையர் நூலை முதலில் அச்சிட்டது 1894இல். முழு நூலுக்கும் விரிவாக உரை கண்ட ஔவை துரைசாமிப் பிள்ளை பின்னாளில் மதுரைத் தியாகராசர் கல்லூரியில் பணியாற்றியவர். மாணவி படித்த பழைய பிரதி அவருடைய உரைதான். தமிழய்யா தன் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ரஃப் நோட்டைப் பார்த்தவர், "பரீட்சைக்கு வேணாம். ஆனா கிழிச்சுப் போட்ராத" என்று மட்டும் சொன்னார்.

அந்த அலமாரிப் புத்தகத்தில் 279க்கு முந்தைய பாட்டே அவளை உலுக்கியது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. நரம்பு புடைத்து, தோள் வற்றிய முதியவள். உன் மகன் போரில் முதுகு காட்டினான் என்று பலர் வந்து சொல்கிறார்கள். அப்படியானால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளோடு களத்துக்குப் போகிறாள். குருதி தோய்ந்த நிலத்தில் கிடக்கும் உடல்களைப் புரட்டிக்கொண்டே போகிறாள். துண்டுபட்டுக் கிடக்கும் மகனைக் கண்டதும், பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் என்று பாட்டு முடிகிறது. துறையின் பெயர் உவகைக் கலுழ்ச்சி, மகிழ்ந்து அழுவது.

பிணத்தைப் புரட்டும் கை பற்றித்தான் நோட்டில் அதிகம் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு உடலையும் புரட்டும்போது அவள் இது என் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைத்தாளா, இருக்கக் கூடாது என்று நினைத்தாளா? பாட்டில் அதற்கு விடை இல்லை. இருந்தால் செத்தவன், இல்லாவிட்டால் ஓடியவன். இரண்டில் எதை வேண்டுவது என்ற இடத்துக்கு ஒரு தாயைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? வந்து சொன்ன அந்தப் பலர். அவர்களுக்குப் பெயர் இல்லை. சொன்னது பொய் என்று தெரிந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்றும் பாட்டு சொல்லவில்லை. அப்பத்தா காட்டிய ஊர் இங்கேயும் நின்றிருந்தது. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து வீரனையும் தாயையும் அரசனையும் தாண்டி, சுற்றி நின்றவர்கள் மேல் மாணவியின் கண் போகத் தொடங்கியது. பிறகு படித்த எல்லாவற்றிலும் அது தொடர்ந்தது.

பொன்முடியாரின் 312ஆம் பாட்டு ஆளாளுக்குக் கடமையைப் பங்கு வைக்கிறது: பெறுவது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, நல்வழி காட்டுவது வேந்தனுக்கு. யானையை வீழ்த்தித் திரும்பி வருவது மகனுக்கு. திரும்பி வருவதும் கடமைக்குள் அடக்கம் என்று அவள் பக்க ஓரத்தில் குறித்தாள். கோவூர்கிழார் சோழர்களான நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவில் நின்று பாடிய 45ஆம் பாட்டு அவளுக்கு உடனே பிடித்துப்போயிற்று. எதிரே நிற்பவன் சூடியிருப்பது சேரனின் பனையும் இல்லை, பாண்டியனின் வேம்பும் இல்லை. இருவர் மாலையும் ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்கிறார் புலவர். சும்மா நின்று பார்க்காமல் வாய் திறந்த ஒருவரை அவள் முதலில் கண்டது அந்தப் பாட்டில்.

சிலப்பதிகாரம் ஊர்க்காரப் பிள்ளைகளுக்குச் சொந்தக்கதை போல வந்தது. காடுகாண் காதையில், கொடும்பாளூருக்கு இப்பால் மதுரைக்கு மூன்று வழி பிரிவதை மாங்காட்டு மறையோன் விளக்குகிறான். வலப்புற வழியில் போனால் வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்த பாண்டியனின் சிறுமலை வரும். தினமும் கொல்லைப்புறத்தில் பார்க்கும் மலை ஐம்பெருங்காப்பியத்துக்குள் நிற்பதைக் கண்டு வகுப்பு ஆரவாரித்தது. கோவலனும் கண்ணகியும் அந்த வழியில் வரவில்லை, நடு வழியில் வந்தார்கள் என்று தெரிந்ததும் ஒரு சிறு ஏமாற்றம். ஆனால் மதுரையை எரித்துவிட்டு மேற்கு வாயில் வழியாக வெளியேறிய கண்ணகி, வைகைக் கரையோடு நடந்து, பதினான்காம் நாள் நெடுவேள் குன்றத்தில் விண்ணேறினாள் என்று காப்பியம் சொல்கிறது. வைகைக் கரையோடு மேற்கே போனவள் சோழவந்தான் பக்கத்தைத் தொடாமல் போயிருக்க முடியாது என்று பிள்ளைகளே வழி போட்டார்கள்.

பார்ப்பார், அறவோர், பசு, பத்தினி, மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போகும்படி தீக்குக் கண்ணகி கட்டளையிட்டதை வகுப்பு ஏற்றுக்கொண்டது. சிக்கல் வந்தது நூலின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரையில். கண்ணகி போன பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. வெப்பு நோய் பரவியது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்து விழா எடுத்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது. மாணவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நகை ஆசாரி வீட்டுப் பிள்ளை. அவள் அப்பா ஊதுகுழலும் குறடுமாக வீட்டுத் திண்ணையிலேயே தொழில் செய்பவர். பாடம் முடியும்வரை அந்தப் பெண் தலை நிமிரவில்லை. மணி அடித்தபின், "ஒருத்தன் செஞ்சதுக்கு ஆயிரம் பேரா?" என்று மாணவியிடம் மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இதுவரை எந்த உரையிலும் திருப்தியான விடையை மாணவி காணவில்லை. ஊரை எரித்தது ஒரு பெண்ணின் நீதி. அதை வகுப்பில் வாதிட்டு நிறுவலாம். ஆயிரம் பேரைக் கொன்றது அரசின் காரியம். அதற்குப் பிறகு மழை பெய்தது என்று எழுதியிருப்பது அவளுக்கு இன்றும் ஆறாத இடம். சிலம்பை மதுரையில் படிப்பவரும் படிப்பிப்பவரும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாமல் நின்று பேச வேண்டும்.

மதுரையில் மகளிர் கல்லூரி ஒன்றில் இளங்கலைத் தமிழ் சேர்ந்த ஆண்டில் கலிங்கத்துப்பரணி பாடமாக வந்தது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கி.பி. 1110ஐ ஒட்டி, கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மேல் படையெடுத்துப் போய் வென்றதைச் சயங்கொண்டார் பாடிய நூல். போரைவிடப் போருக்குப் பின் களத்தில் காளியின் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதி புகழ்பெற்றது. யானைக் கொம்பால் பல் துலக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, குருதியில் குளித்துவிட்டுப் பேய்கள் அடுப்பு மூட்டுகின்றன. முரசுகளை உரலாக்கி, யானைக் கொம்பை உலக்கையாக்கி, இறந்தோர் பற்களை அரிசியாகக் குத்துகின்றன. குத்தும்போது பெண்கள் பாடும் வள்ளைப் பாட்டைப் பாடி அரசனை வாழ்த்துகின்றன. பிறகு பந்தி. ஒவ்வொரு பேய்க்கும் ஒவ்வொரு விதமாகப் பரிமாறல்.

வகுப்பு முதலில் குமட்டியது, பிறகு சிரித்தது, சிரித்ததற்கு வெட்கப்பட்டது. மூன்றும் நியாயமான எதிர்வினைகள். இந்தப் பகுதியை வெறும் கற்பனை வளம் என்று கடந்துபோவது சயங்கொண்டாருக்குச் செய்யும் அநீதி. வாடிப்பட்டியில் ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் அண்டா வைத்துக் கூழ் ஊற்றும்போது யார் அடுப்பில் நிற்பது, யார் மாவு கரைப்பது, யாருக்கு முதல் செம்பு என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கும். அதே ஒழுங்குதான் பரணியிலும் வருகிறது. குளித்துவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்று பேய்கூட நினைக்கிறது. கொலைக்களத்தில் வீட்டு வழக்கம் ஒன்றுகூடக் குறையாமல் நடப்பதுதான் தாங்க முடியாதது என்று மாணவி எழுதினாள். களத்தில் கிடந்தவர்களில் கலிங்கர் எத்தனை, சோழ நாட்டார் எத்தனை என்று பேய்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதும் அவள் குறிப்பில் இருக்கிறது.

பாஞ்சாலி சபதத்துக்கு வருமுன்பே மாணவிக்குத் திரௌபதியைத் தெரியும். சோழவந்தான் திரௌபதி அம்மன் கோயிலில் ஆடியில் திருவிழா நடந்து பூக்குழி இறங்குவார்கள். மஞ்சள் துணியும் வேப்பிலையுமாகக் கங்கின் மேல் நடப்பவரைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் அவள். தெய்வமாகத் தெரிந்த ஒருத்தியைச் சபையில் இழுத்து வரப்பட்ட பெண்ணாகப் படிப்பது முதலில் கூச்சமாக இருந்தது. பாரதி 1904இல் சில மாதம் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். புதுச்சேரியில் இருந்தபோது 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பிறகு 1924இல் வந்தது. தருமன் கையை எரிக்கத் தீ கொண்டுவரும்படி வீமன் தம்பியிடம் சொல்லும் இடத்தை வகுப்பில் எல்லாரும் கைதட்டி வாசித்தார்கள். மாணவி கோடு போட்டது வேறு இடத்தில். பாஞ்சாலியைத் தெரு வழியே இழுத்துப் போகும்போது ஊர் மக்கள் நெட்டை மரங்களைப் போல நின்று புலம்புவதைப் பாரதி காறித் துப்பாத குறையாக ஏசுகிறார். 279ஆம் பாட்டின் ஊர், 278ஆம் பாட்டின் பலர், இங்கே தெருவோரத்தில் வந்து நின்றார்கள். மகாபாரதத்தைச் சொன்ன மற்றவர் யாரும் அவர்களை இவ்வளவு கோபமாகத் திட்டியதை அவள் அதுவரை படித்ததில்லை.

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' அவள் படித்த கதைகளில் மிகக் கடினமானது. மிகவும் நேசித்ததும் அதுவே. 1943இல் கலைமகளில் வந்த கதை. இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை என்ற அர்த்தத்தில் ஆசிரியரே முன்னால் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். இராமன் கால் தூசி பட்டு அகலிகை உயிர் பெறுகிறாள். கோதமன் புற்றை உடைத்துக்கொண்டு எழுகிறான். மரபுக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். புதுமைப்பித்தன் இங்கேதான் ஆரம்பிக்கிறார். கல்லாகக் கிடந்தவள் திரும்பவும் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் என்ன நடக்கும்? எதிரே வரும் ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டதும் விலகி ஓடுகிறார்கள். சாபம் போனாலும் ஊர்ப்பேச்சு போகவில்லை. கோதமனுக்கும் அவளுக்கும் இடையில் ஒவ்வொரு சொல்லும் நெருடுகிறது. அவளுக்கு ஆறுதலாக இருப்பது இராமனும் சீதையும் வந்துபோவது ஒன்றுதான். காட்டுக்குப் போய்ப் போர் முடித்துப் பதினான்கு ஆண்டு கழித்துத் திரும்பும் சீதை, தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அவன் கேட்டான், செய்தேன் என்கிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்பது சீதையின் வாதம். தன்னைக் காலால் உயிர்ப்பித்தவனே அப்படிக் கேட்டானா என்று உடைந்துபோன அகலிகை மறுபடி கல்லாகிறாள்.

முதல் வாசிப்பில் மாணவிக்கு ஆசிரியர் மேல் கோபம் வந்தது. வீட்டில் இராமநவமிக்குப் பானகம் கரைக்கும் குடும்பம். இராமனை இப்படி நிறுத்தியதை அவளால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் வாசிப்பில், இராமன் கேட்டதை விடச் சீதை சொல்லும் அந்த உலகம்தான் அவளை வதைத்தது. யார் அந்த உலகம்? ஆற்றங்கரையில் விலகி ஓடியவர்களா? அவர்களுக்கு நிரூபிக்கவா தீயில் இறங்க வேண்டும்? மூன்றாம் முறை படித்தபோது கைகேயியும் அகலிகையும் பேசும் பகுதியில் தங்கிவிட்டாள்; ஊர் ஒதுக்கிய இரு பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் ஆறுதல் தேடும் இடம் அது என்று எழுதினாள். பெரிய போர் எங்கோ இலங்கையில் நடந்து முடிகிறது. கதையில் அது ஒரு பேச்சாக மட்டும் வருகிறது. போர் முடிந்த பிறகும் பெண்கள் வீட்டில் அது முடிவதில்லை என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன தமிழ்க் கதையை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் உண்மையான போர் நடந்துகொண்டிருந்தது. 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பின் ஜெராக்ஸ் பிரதி ஒன்று விடுதியில் கை மாறிக்கொண்டே இருந்தது. ஈழப் பெண்களின் கவிதைகளைத் தொகுத்த 'சொல்லாத சேதிகள்' 1986இல் வந்தது. எம். ஏ. நுஃமானின் கவிதை ஒன்றில், சிவில் உடை அணிந்த அரச காவலர் புத்தரைச் சுட்டுக் கொல்கிறார்கள். யாழ் நூலகப் படியில் அவர் உடல் கிடக்கிறது. இரவில் புத்தகங்களோடு சேர்த்து எரிக்கிறார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய அந்த எரிப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. கண்ணகி தீயைப் படித்துவிட்டு வந்த வகுப்புக்கு இந்தத் தீயைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. தீமை செய்தவரை மட்டும் தேடிப் போகும் தீ காப்பியத்தில்தான் உண்டு.

வகுப்பில் அகதி முகாமிலிருந்து வந்த ஈழத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். 279ஆம் பாட்டு ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் மறுபடி வந்தபோது, வீரத்தாய் என்ற சொல்லை மற்றவர்கள் வழக்கம்போல ஓதினார்கள். அவள் எழுந்து, "எங்கட அம்மா தம்பிய அனுப்பேல்ல. ராவோட ராவா கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திட்டா. அவவ நீங்க என்னெண்டு சொல்லுவியள்?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. பதில் வேண்டிக் கேட்டாள். மூதின் முல்லை என்ற துறைக்குள் அந்தத் தாய்க்கு இடம் உண்டா என்று அன்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அனுப்பாத தாய்க்கு ஊரே மிஞ்சாது. அவள் ஊரை விட்டு வரத்தான் வேண்டும். அப்பத்தா சொன்னதன் மறுபாதியை அந்தப் பெண் சொன்னாள் என்று மாணவி அன்று இரவு எழுதி வைத்தாள்.

மாணவி பின்னாளில் தமிழாசிரியை ஆனாள். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் வைகைக் கரையில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. 279ஆம் பாட்டில் கணவன் எதற்காக மாண்டானோ அதே வகைச் சண்டை. இலக்கியத்தில் மட்டும் இருந்த ஆகோள் பூசல் கல்லிலும் கிடைத்துவிட்டது. தாய்மார் துணிவு கற்பனையா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, சாவு கற்பனையல்ல என்று இனி உறுதியாகச் சொல்லலாம்.

தன் வகுப்பில் அவர் 279ஐ நடத்தும்போது 'வீரத்தாய்' தலைப்பைக் கரும்பலகையில் எழுதுவதில்லை. பாட்டைப் படித்துவிட்டு, மனதில் பட்டதைக் கேள்வியாக எழுதச் சொல்வார். பெரும்பாலான பிள்ளைகள் தாயைப் பற்றியே கேட்பர். ஒருமுறை மேளம் கட்டும் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், பறை அடிச்சவரு வீட்லயும் பிள்ளை இருந்திருக்கும்ல? அவரு ஊர்லயே நின்னுக்கிட்டாரா, அவரும் போனாரா?" என்றான். வகுப்பில் சிலர் சிரித்தார்கள்; அவர் சிரிப்பை அடக்கச் சொன்னார். இத்தனை ஆண்டு சுற்றி நின்றவர்களையே தேடியவருக்கும், அந்தப் பறைக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

279இல் அதற்கு விடை இல்லை. அவர் நூலைப் புரட்டி, 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நாலு குடிகளைச் சொல்லி இவர்களைத் தவிர வேறு குடியில்லை என்று சொல்வதைக் காட்டினார். பிறகு கழாத்தலையாரின் 289. போருக்குப் புறப்படும் வீரர் பூப்பெற வரும்படி தண்ணுமை அறையப்படுகிறது. அறைபவருக்குப் பெயர் இல்லை. இழிவான ஒரு சொல்லால்தான் பாட்டு அவரைக் குறிக்கிறது. அந்தச் சொல்லை ஆசிரியை மறைக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னார்கள், பின்னால் சாதி எப்படி இறுகியது என்பதற்கு இரண்டு வகுப்பு நேரம் போயிற்று. பையன் கவனித்தது வேறொன்றை. அந்தத் தண்ணுமை ஊரில் ஒலிக்கவில்லை, பாசறையில் ஒலிக்கிறது. "அப்ப அவரும் களத்துலதான் இருந்திருக்காரு" என்றான். தன் நோட்டில் அதை எழுதிக்கொண்டு, பக்கத்தில் பாட்டு எண்ணையும் போட்டான்.